பூப்பறிப்போரும் கொசுக்கடியும்

நிலக்கோட்டை, சத்தியமங்கலம் பகுதி மல்லிகைத் தோட்டங்களில் விடிவதற்கு வெகு நேரம் முன்பே பூப்பறிப்பு தொடங்கிவிடுகிறது. மொட்டு விரியுமுன் பறித்துச் சந்தைக்கு அனுப்பினால்தான் விலை கிடைக்கும். இருட்டில் நெற்றி விளக்குடன், மடியைக் கட்டிக்கொண்டு, செடிகளுக்கிடையே குனிந்து நிற்பவர்களைக் கொசு மொய்க்கிறது. கூலியோ எடைக்குத்தான். இரு கையாலும் மொட்டுக் கிள்ளுகிறவர் கொசுவை விரட்டக் கையை எடுத்தால் எடை குறையும். ஆகவே பெரும்பாலோர் கடியைப் பொறுத்துக்கொண்டு வேலையைப் பார்க்கிறார்கள்.

ஒரே பாத்தியில் நிற்கும் இருவரில் ஒருத்திக்குக் கால் முழுதும் தடிப்பு, மற்றவளுக்கு ஒன்றுமில்லை. "உன் ரத்தம் இனிப்பு" என்று கேலி பேசி விஷயத்தை முடித்துவிடுவது வழக்கம். இந்தப் பேச்சில் உண்மை இல்லை. ரத்தத்தின் ருசி கடித்த பிறகுதான் தெரியும். கொசு ஆளைத் தேர்ந்தெடுப்பது அதற்கு முன்பே முடிந்துவிடுகிறது. கடிப்பது பெண் கொசு மட்டுமே. முட்டை வளர்ச்சிக்காகவே அதற்கு ரத்தம் வேண்டியிருக்கிறது. மூச்சில் வெளிவரும் கரியமிலவாயுவைத் தூரத்திலேயே உணர்ந்து காற்றை எதிர்த்து வருகிறது. அருகில் வந்ததும் உடற்சூடும் வியர்வை வாடையும் வழிகாட்டுகின்றன. வியர்வையிலுள்ள லாக்டிக் அமிலமும், தோலில் வாழும் நுண்கிருமிகள் உண்டாக்கும் சில கொழுப்பு அமிலங்களும் ஆளுக்கு ஆள் வேறுபடும். அமெரிக்காவில் நடந்து 2022-இல் வெளியான ஆராய்ச்சி ஒன்றில், தோலில் இவ்வகை அமிலங்கள் மிகுந்தவர்களையே ஏடிஸ் கொசு அதிகம் நாடியது. அந்த வேறுபாடு ஆண்டுக் கணக்கில் மாறாமலும் இருந்தது. இது பிறவி வாகு, யாருடைய குற்றமும் அல்ல. ரத்த வகையைப் பற்றியும் பேச்சு உண்டு. ஆராய்ச்சி முடிவுகள் ஒன்றுக்கொன்று மாறுபடுவதால் அதை நம்பி எதையும் செய்வதற்கில்லை.

வாகு ஒருபுறமிருக்க, உழைப்பும் கொசுவை இழுக்கிறது. மேல்மூச்சு வாங்க, வியர்வை வழிய வேலை செய்கிறவரிடம் வாயு, சூடு, வாடை மூன்றும் சேர்ந்துவிடுகின்றன. வரப்பில் நின்று வேலை வாங்குகிறவருக்குக் கடி குறைவாக இருந்தால் அதில் வியப்பில்லை. கர்ப்பிணிகளின் நிலை இன்னும் கவனிக்கத்தக்கது. ஆப்பிரிக்காவின் காம்பியா நாட்டில் நடந்து 2000-இல் வெளியான ஆராய்ச்சியில், கர்ப்பிணிகளை மலேரியாக் கொசு மற்றப் பெண்களைப் போல் இரண்டு மடங்கு நாடியது. அவர்கள் விடும் மூச்சின் அளவும் வயிற்றுச் சூடும் கூடுதல் என்பதே அதற்குச் சொல்லப்பட்ட காரணம். மலேரியாவும் டெங்குவும் கர்ப்பிணிக்கு வந்தால் தாய்க்கும் பிள்ளைக்கும் ஆபத்து. அப்படிப்பட்டவர்களை இருட்டுப் பறிப்புக்கு அனுப்பாமல், பூத் தரம் பிரிக்கும் வேலையில் அமர்த்தி, கூலியைக் குறைக்காமல் கொடுப்பதே முறை. எத்தனை தோட்டங்களில் இது நடக்கிறது?

வேறொரு வகையினரும் உண்டு. கடிபட்டும் தடிக்காதவர்கள். "என்னைக் கொசு தொடுவதில்லை" என்று இவர்கள் பெருமை பேசுவார்கள். நோய்க்கிருமி உடம்பில் ஏறுவதற்குத் தடிப்பு அவசியமில்லை.

ஆளைப் பார்த்துக் குறை சொல்வதை விட்டு, கொசு எங்கே பிறக்கிறது என்று பார்ப்பதே பயன் தரும். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு பகலில், அதிலும் காலையிலும் பொழுது சாயும் நேரத்திலும் கடிப்பது. விடிந்த பின்னும் நிழலில் பறிப்பு நீளும்போது இதன் வேலை ஆரம்பமாகிறது. பிறந்த இடத்திலிருந்து சில நூறு மீட்டருக்கு மேல் இது பெரும்பாலும் போவதில்லை. எனவே தோட்டத்தில் கடிக்கும் ஏடிஸ் அந்தத் தோட்டத்திலோ அடுத்த தோட்டத்திலோ பிறந்ததுதான். மருந்து கலக்க நிரப்பி வைத்த டிரம், மோட்டார் அறைத் தொட்டி, வேலியோரம் கிடக்கும் சிரட்டை, பழைய டயர், டீ குடித்துப் போட்ட கப் ஆகிய இவைதான் அதன் பிறப்பிடம். வெயில் காலத்தில் முட்டை கொசுவாக ஏழு முதல் பத்து நாள் போதும். ஆகவே வாரம் ஒருமுறை டிரம்மைக் கவிழ்க்க வேண்டும். கவிழ்த்தால் மட்டும் போதாது. முட்டைகள் நீர்மட்டத்துக்குச் சற்று மேலே உட்சுவரில் ஒட்டிக்கொண்டு, காய்ந்தும் பல மாதம் உயிரோடு இருக்கும். தேங்காய் நாரைக் கொண்டு உட்புறம் தேய்த்துக் கழுவி, மறுபடி நிரப்பினால் வாயை நெருக்கமான துணியால் இறுகக் கட்டிவிட வேண்டும்.

கிணற்றுக்கும் பெரிய தொட்டிக்கும் மீன் விடலாம். ஆனால் 1928-இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட கம்பூசியா மீனைக் குளத்திலும் வாய்க்காலிலும் விடுவது சரியல்ல. அது நாட்டு மீனின் குஞ்சுகளையும் தவளையின் தலைப்பிரட்டைகளையும் தின்றுவிடும்.

இருட்டில் கடிக்கும் க்யூலெக்ஸ் கொசு சாக்கடையிலும் நெல் வயலிலும் பெருகுவது. இதில் நெல் வயலில் பெருகும் இனம் ஜப்பானிய மூளைக்காய்ச்சலைப் பரப்புகிறது. இந்தியாவில் அந்நோய் முதன்முதலாக 1955-இல் வேலூர்ப் பக்கம்தான் கண்டறியப்பட்டது. அருகில் நெல் போட்டிருப்பவர்கள் எந்நேரமும் நீர் கட்டி வைக்காமல் காய்ச்சலும் பாய்ச்சலுமாகப் பாய்ச்சினால் தண்ணீரும் மிச்சம், புழுவும் குறையும்.

சிலர் மல்லிகைக்கு அடிக்கும் பூச்சிமருந்து கொசுவையும் கொல்லட்டும் என்று கூடுதலாக அடிக்கிறார்கள். இது வீண் செலவு. கொசு மருந்துக்குப் பழகிப்போகும். விஷம் பறிக்கிறவர் கையில் ஒட்டும். பஞ்சாயத்துப் புகை வண்டி வரட்டும் என்று காத்திருப்பதும் அப்படித்தான். அது பறக்கும் கொசுவை அன்றைக்குக் கொல்லும், டிரம்மில் நெளியும் புழுவை ஒன்றும் செய்யாது.

பறிக்கிற நேரத்துக்கான பாதுகாப்பு முதலில் உடையில் இருக்கிறது. புடவைக்கு மேல் முழுக்கைச் சட்டை போடுவதைப் பெண்கள் தாமாகவே வழக்கமாக்கிக்கொண்டார்கள். அது தொளதொளப்பாகவும் வெளிர் நிறமாகவும் இருப்பது நல்லது. உடம்போடு ஒட்டிய மெல்லிய துணியை ஊடுருவிக் கொசு கடித்துவிடும், கறுப்பும் சிவப்பும் ஏடிஸை இழுக்கும். கணுக்காலை மூடுவதை மறக்கக்கூடாது. தேங்காய் எண்ணெயில் நூற்றுக்கு இரண்டு பங்கு வேப்பெண்ணெய் கலந்து பூசுவது மலேரியாக் கொசுவுக்கு எதிராக நன்கு பயன்பட்டதாக 1993-இல் நம் நாட்டு ஆராய்ச்சி ஒன்று தெரிவித்தது. மற்ற இனங்களிடம் பலன் குறைவே. கடைகளில் விற்கும் டீட் கலந்த களிம்பு கூடுதல் நேரம் காக்கும். அதைப் புண்ணிலும் கண்ணருகிலும் தடவக்கூடாது. துளசியையும் எலுமிச்சைப் புல்லையும் வரப்பில் நட்டுவிட்டால் கொசு வராது என்பது நம்பத்தக்கதல்ல. கசக்காத இலையின் வாசனை அதற்குத் தடையாவதில்லை. பூண்டு தின்பதும் அப்படியே. மூடிய கொட்டகைக்குள் நொச்சிப் புகை போட்டால் கொசுவோடு கண்ணும் நெஞ்சும் எரியும். கொட்டகையில் மின்விசிறி ஓடினால் அந்தக் காற்றில் கொசு நிலைத்துப் பறக்க முடியாது.

களிம்பும் சட்டையும் கூலிக்காரர் பாடு என்று தோட்டக்காரர் ஒதுங்குவது கணக்கறியாத வேலை. வரத்து மிகுந்த பருவத்தில் பறிக்கும் பெண் ஒருத்தி காய்ச்சலில் ஒரு வாரம் படுத்தால், அவள் நிரையின் மொட்டெல்லாம் செடியிலேயே மலர்ந்துவிடும். ஒரு களிம்பின் விலை அதற்கு ஈடாகுமா? அப்படிக் காய்ச்சல் கண்டவர் கடையில் ஏதோ ஊசி போட்டுக்கொண்டு மறுநாளே தோட்டத்துக்கு வருவதை அனுமதிக்கக்கூடாது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். முடிவு தெரியும் வரை பாரசிட்டமால் தவிர ஆஸ்பிரின், புரூஃபென் போன்ற வலி மாத்திரைகளைத் தொடக்கூடாது. டெங்குவாக இருந்தால் அவை ரத்தக் கசிவை மிகுவிக்கும். காய்ச்சல்காரர் பகலிலும் வலைக்குள் படுப்பது நல்லது. அவரைக் கடித்த ஏடிஸ்தான் சில நாள் கழித்து வீட்டிலுள்ள மற்றவரைக் கடிக்கும்.