பனி யாருக்குச் சொந்தம்?

குளிர்கால நார்வேக்குப் போய்வந்த தமிழர் எழுதும் பயணக் கட்டுரைக்கு ஓர் அச்சுவார்ப்பு உருவாகிவிட்டது. முதல் பத்தியில் வெண்பட்டு விரித்தாற்போன்ற மலை. அடுத்ததில், கால்களில் பலகைகளைக் கட்டிக்கொண்டு நாலுமுறை விழுந்தெழுந்த வேடிக்கை. அதற்கடுத்து, ஒரு கோப்பைக் காப்பியின் விலையை ரூபாயில் பெருக்கிப் பார்த்து அடைந்த அதிர்ச்சி. இறுதியில் அந்நாட்டவரின் ஒழுங்கையும் தூய்மையையும் வியந்து, நம்மவரை நொந்துகொள்ளும் ஒரு பெருமூச்சு. ஊர்ப்பெயரை எடுத்துவிட்டுச் சுவிட்சர்லாந்து என்றோ குல்மார்க் என்றோ போட்டாலும் ஒரு வரி பிசகாது. ஊரை மாற்றினாலும் பிசகாத எழுத்து எந்த ஊரைப் பற்றியது என்று கேட்க நமக்கு உரிமை உண்டு.

இவ்வகைக் கட்டுரைகளில் சில நல்ல நடையில் எழுதப்பட்டவை என்பதை மறுக்கவில்லை. நம் குற்றச்சாட்டு வேறு. பனியை வரலாறற்ற, யாருக்கும் உரிமையில்லாத, யாரையும் பாதிக்காத வெறும் வெண்மையாக அவை காட்டுகின்றன. அது பொய் என்கிறோம். நார்வேயில் பனி என்பது சட்டம் பேசும் பொருள். அதன்மேல் யார் நடக்கலாம், யார் வீடு கட்டலாம் என்பது இன்றும் தீராத வழக்கு. வழக்கின் நடுவே ஒரு வாரம் தங்கிவிட்டு நிலக்காட்சியை மட்டும் எழுதுவது எழுத்தாளனுக்கு அழகன்று.

யெய்லோவை எடுத்துக்கொள்வோம். எழுத்துக்கூட்டிப் படிப்பவர் 'கெய்லோ' என்று எழுதிவிடுகிற அந்தச் சிற்றூர், ஒஸ்லோவுக்கும் பெர்கனுக்கும் ஏறத்தாழ நடுவழியில், ஹாலிங்டால் பள்ளத்தாக்கில், சுமார் 800 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. தெற்கே ஹார்டாங்கர்விடா என்னும் மரமற்ற பெரும் மேட்டுநிலம். 1909இல் பெர்கன் ரயில்பாதை முழுமையாகத் திறக்கப்பட்டது; நுரையீரல் மருத்துவரான ஹோல்ம் அதே ஆண்டில் அங்கே ஒரு விடுதியைத் தொடங்கினார். மலைக்காற்றைத் தேடி வந்த நோயாளிகளுக்குப் பின்னால் விளையாட வந்தவர்கள் வந்தார்கள். ரயில் நின்றுபோகும் வேளாண் ஊர் விடுமுறை ஊராயிற்று.

அந்த ரயில் இலக்கியத்திலும் ஓடியது. 1923இல் ஈஸ்டருக்குச் சற்று முன்னர், பெர்கன் ரயில் கொள்ளையிடப்பட்டது என்ற வரி நாளிதழின் முதற்பக்கத்தில் வந்தது. பலர் செய்தியென்றே நம்பிப் பதறினர். உண்மையில் அது நூர்டால் க்ரீக்கும் நில்ஸ் லீயும் சேர்ந்து எழுதிய துப்பறியும் நாவலுக்கான விளம்பரம். ஈஸ்டர் விடுமுறைக்கு மலைக்குடிலுக்குப் போய், ஆரஞ்சுப் பழமும் சாக்லேட்டுமாகப் பனியில் நடந்து, இரவில் கொலைக்கதை படிக்கும் நார்வே வழக்கம் அங்கிருந்தே தொடங்கியது என்பர். நமது கட்டுரையாளர்கள் அந்த ரயிலில் சென்று, அந்த ஊரிலேயே இறங்குகிறார்கள். காப்பி விலைதான் அவர்கள் கண்ணில் படுகிறது.

முதற்பிழை நம் சொல்லிலேயே இருக்கிறது. 'பனிச்சறுக்கு' என்கிறோம். சறுக்குதல் என்றவுடன் சரிவும் வேகமும் கீழ்நோக்கிய பாய்ச்சலுமே மனத்தில் எழுகின்றன. நார்வேஜியர் 'ஸ்கீயில் நடப்பது' என்பர். அவர்கள் ஆளும் வினைச்சொல் நடத்தல். 'ஸ்கீ' என்பதன் பழைய பொருள் பிளந்த மரத்துண்டு. பனிக்காலத்தில் அண்டை வீட்டுக்கும் வேட்டைக்கும் தேவாலயத்துக்கும் போக உதவிய கால்கருவி அது. உழவனுக்கு ஏர் எப்படியோ அப்படி. ரெய்ன்ஹெய்மன் மலைப்பகுதியில், டிகர்வார்டன் என்னுமிடத்தில், உருகிய பனிக்கட்டியிலிருந்து 2014இல் ஒற்றைப் பலகை ஒன்று கிடைத்தது. 2021இல் அதன் இணையும் கிடைத்தது. ஏறத்தாழ 1,300 ஆண்டுப் பழமை. கால்கட்டுகூட அழியாமல் இருந்தது. தேய்ந்து பழுதுபார்த்த தடயமும் இருந்தது. ஒருவன் அதைத் திரும்பத் திரும்பச் சீர்செய்து பயன்படுத்தியிருக்கிறான். இந்த வரலாற்றை நமக்குக் காட்டியது பனியின் உருகல் என்பதையும் மறந்துவிடலாகாது.

இன்றைய பனிச்சறுக்கு விளையாட்டின் தந்தை என்று போற்றப்படும் சோன்ட்ரெ நூர்ஹெய்ம் (1825–1897) டெலமார்க்கின் மூர்கெடால் ஊரைச் சேர்ந்தவர். சொந்த நிலமில்லாத குடியானவர். குதிகாலைச் சுற்றி முறுக்கிய மிலாறுகளால் கால்கட்டு அமைத்து, தாவவும் திரும்பவும் வழிசெய்தவர் அவர். 'ஸ்லாலம்' என்று உலகம் சொல்லும் சொல்லும் டெலமார்க் வட்டார வழக்கிலிருந்து வந்ததுதான்: சரிவில் பதிந்த தடம் என்பது பொருள். 1884இல் பிழைப்புத் தேடி அமெரிக்கா சென்ற அவர் வடக்கு டகோட்டாவின் சமவெளியில் இறந்தார். அவர் பிறந்த ஊரில் 1952 ஒஸ்லோ ஒலிம்பிக்கின் சுடர் ஏற்றப்பட்டது. நிலமற்றவன் கண்ட கலை, நிலம் வாங்க வசதியுள்ளவரின் விடுமுறையாக மாறிய கதையை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது.

இனிச் சட்டத்துக்கு வருவோம். நார்வேயின் 1957ஆம் ஆண்டுத் திறந்தவெளிச் சட்டம், பழைய வழக்காற்று உரிமை ஒன்றை எழுத்தில் பதித்தது. சாகுபடியில்லாத நிலத்தில், உடைமையாளர் யாராயினும், எவரும் நடக்கலாம். சாகுபடி நிலத்துக்கோ ஒரு நுட்பமான விதி உண்டு: நிலம் உறைந்திருக்கும்போதோ பனி மூடியிருக்கும்போதோ, ஏப்ரல் 30 முதல் அக்டோபர் 14 வரையிலான காலம் நீங்கலாக, அங்கும் எவரும் நடக்கலாம், வீட்டு மனைக்குள் மட்டும் கூடாது. பனி விழுந்தால் வேலியின் பொருள் மாறிவிடுகிறது. கோதுமை விளையும்போது ஒருவனுடையதாக இருந்த வயல், வெண்மை மூடியதும் ஊரார் அனைவரின் வழியாகிறது. பனியை வருணிக்க நம்மவர் தேடித் திரிந்த உவமைகள் எதற்கும் இந்த ஒரு சட்டப்பிரிவின் அழகு இல்லை.

இந்தப் பொதுமைக்குத்தான் விடுமுறை ஊர் விலை வைக்கிறது. யெய்லோ அமைந்துள்ள ஹோல் நகராட்சியில் நிலையாக வாழ்வோர் ஏறத்தாழ 4,500 பேர். அங்குள்ள விடுமுறைக் குடில்களின் எண்ணிக்கை அதைத் தாண்டிவிட்டது. நார்வே முழுமைக்கும் கணக்கிட்டால், சுமார் 55 லட்சம் மக்களுக்கு நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட குடில்கள். 'ஹித்தெ' என்ற சொல் ஒருகாலத்தில் மின்சாரமில்லாத, ஓடைநீரை வாளியில் சுமந்துவர வேண்டிய மர அறையைக் குறித்தது. இன்று அச்சொல்லின்கீழ் தரை சூடேற்றப்பட்ட, வாசல்வரை கார் செல்லும் இரண்டாம் வீடு விற்கப்படுகிறது. சட்டம் ஒழிக்கப்படவில்லை, ஆனால் ஒவ்வொரு புதுக் குடிலும் தன் மனையளவு நிலத்தைப் பொதுவிலிருந்து கழித்துக்கொள்கிறது. ஆள் குடியிருக்கும் வீட்டுக்கோ குடிலுக்கோ 150 மீட்டருக்குள் கூடாரம் அடிக்கக்கூடாது என்பதும் அதே சட்டத்தின் விதி. ஆகவே ஒவ்வொரு குடிலும் தன்னைச் சுற்றி ஒரு வட்டம் போடுகிறது. வட்டங்கள் ஒன்றையொன்று தொடும்போது உரிமை ஏட்டில் மட்டும் மிஞ்சும்.

மனிதர் தம் உரிமைக்கு வழக்காடுவர், துருவமான் வழக்காடாது. ஹார்டாங்கர்விடாவில் 1981இல் அமைக்கப்பட்ட தேசியப் பூங்காவின் பரப்பு 3,422 சதுர கிலோமீட்டர். ஐரோப்பாவில் எஞ்சியுள்ள காட்டுத் துருவமான் கூட்டங்களுள் பெரியது அங்கே வாழ்கிறது. ஆனால் மானுக்குப் பூங்காவின் எல்லை தெரியாது. மேய்ச்சலுக்கும் ஈனுவதற்கும் அது பெருந்தொலைவு இடம்பெயர வேண்டும். வடக்கே நூர்ஃபியெல்லாவுக்கும் தெற்கே ஹார்டாங்கர்விடாவுக்கும் இடையே அவை போய்வந்த பழந்தடத்தை, விடுமுறைக்காரரைச் சுமந்துவரும் ரயில்பாதையும் பின்னர் ஏழாம் எண் நெடுஞ்சாலையும் அறுத்தன. மேட்டுநிலத்தின் ஓரங்களில் குடில்களும் நடைத்தடங்களும் நெருங்க நெருங்க, மனித வாடைக்கு அஞ்சும் அவ்விலங்கு நல்ல மேய்ச்சலை விட்டே விலகிப்போகிறது. 2016இல் நூர்ஃபியெல்லாவில் மான்களின் மூளையை அரிக்கும் கொள்ளைநோய், ஐரோப்பாவிலேயே முதன்முறையாகக் கண்டறியப்பட்டு, அங்கிருந்த மந்தை முழுவதும் கொல்லப்பட்டது. 2020இல் அதே நோய் ஹார்டாங்கர்விடாவிலும் தென்பட்டது. நோய்க்கு விடுமுறைக்காரர் காரணரல்லர். ஆனால் ஒதுங்க இடமில்லாமல் சுருக்கப்பட்ட உயிரினத்துக்கு நோய் வந்தால் என்னாகும் என்று கேட்காமலிருக்க முடியாது. 2021ஆம் ஆண்டு நார்வேயின் செம்பட்டியலில் காட்டுத் துருவமான் அச்சுறுத்தலை நெருங்கிய இனமாகச் சேர்க்கப்பட்டது.

பனியும் முன்போல் உறுதியானதன்று. தாழ்ந்த பகுதிகளில் பருவம் சுருங்கிவருகிறது. சரிவுகளில் நீரைப் பீய்ச்சி உறையவைக்கும் எந்திரங்கள் இரவெல்லாம் இயங்குகின்றன. சில ஊர்களில் சென்ற பருவத்துப் பனியைக் குவித்து, மரத்தூளால் மூடி, கோடை கடத்திக் காக்கிறார்கள். வானம் எல்லார்க்கும் பெய்தது பொதுவாக இருந்தது. மின்கட்டணம் செலுத்தி உண்டாக்கிய பனிக்கு உரிமையாளர் உண்டு, நுழைவுச்சீட்டும் உண்டு. பனி குறையக் குறைய, உயரமான இடங்களுக்கு விலை ஏறும். குடில்கள் இன்னும் மேலே, மானின் பக்கமாக நகரும்.

இதற்கு இரண்டு மறுப்புகள் வரும் என்று அறிவோம். முதலாவது, விடுமுறை வருமானம் இல்லையேல் இத்தகைய பள்ளத்தாக்கு ஊர்கள் ஆளின்றிப் போயிருக்கும் என்பது. இதில் பேருண்மை உண்டு. தச்சருக்கும் கடைக்காரருக்கும் அதுவே பிழைப்பு. நிலத்தை மனைகளாக விற்பவர் பெரும்பாலும் உள்ளூர் உழவரே. ஆனால் ஓர் ஊர் வருமானத்துக்காகத் தன்னையே கூறுபோட்டு விற்க நேர்வது துயரக் கதை. அதைச் சொர்க்கம் என்று எழுதுவது அவ்வூராருக்கு இழைக்கும் அவமதிப்பு. எங்கே நிறுத்துவது என்று நார்வேயில் உள்ளாட்சி மன்றங்கள் முதல் நாடாளுமன்றம் வரை வாதிடுகிறார்கள். அந்நாட்டவர் தம் பனியைப் பற்றிச் சண்டையிடுகையில், விருந்தாளி மட்டும் வியந்துகொண்டிருப்பது விசித்திரம்.

இரண்டாவது மறுப்பு நமக்கு நெருக்கமானது. களைப்பாறப் போனவன் சமூகவியலையும் சுமக்க வேண்டுமா? வேண்டாம். களைப்பாறிவிட்டுப் பேசாமல் வரலாம். அது அவரவர் உரிமை. எழுத முனைந்தபின் கதை வேறு. அச்சில் ஏறிய ஒவ்வொரு 'வெண்சொர்க்க'மும் அடுத்துப் போகிறவரின் கண்ணுக்கு முன்கூட்டியே கட்டிய திரை. விளம்பரக்காரர் கூலி வாங்கிச் செய்வதை இலக்கியவாதி இனாமாகச் செய்யலாகாது.

தமிழ் வாசகருக்கு நார்வே புதிதன்று. க.நா.சு. மொழிபெயர்த்த 'நிலவளம்' வழியாக ஹாம்சுனின் மண்ணை நாம் அறிவோம். ஆளில்லாத காட்டுநிலத்தில் ஒருவன் குடியேறுவதும், பிறகு அரசு அலுவலர் வந்து இந்த நிலம் யாருடையது என்று கேட்பதும் அந்நாவலின் மையநிகழ்வு. நிலம் யாருடையது என்ற கேள்வியை அப்போதே நமக்குத் தமிழில் கொடுத்திருக்கிறார்கள். 1980களில் ஈழத்திலிருந்து சென்ற தமிழர் பலர் வடகோடியான ஃபின்மார்க்கின் மீன் பதனிடும் ஆலைகளில் உழைத்தார்கள். அவர்களுக்குப் பனி விடுமுறையாக வாய்க்கவில்லை. 1994இல் வந்த புலம்பெயர்ந்தோர் கதைத்தொகுதிக்கு 'பனியும் பனையும்' என்று பெயரிட்டபோது, பனி தமிழில் ஒரு வாழ்நிலமாயிற்று. வாழ்நிலமான ஒன்றைச் சுற்றுலா எழுத்து மறுபடியும் படஅட்டையாக்குகிறது. நம் சினம் அதனால்தான்.

பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. அடுத்தமுறை யெய்லோவுக்கோ அதுபோன்ற ஊருக்கோ செல்பவர், சரிவில் சறுக்கி மகிழட்டும், விழுந்ததையும் எழுதட்டும். ஆனால் ஒரு நாளேனும் விசைத்தூக்கியை விட்டு விலகி, பனி மூடிய ஏதேனும் ஓர் உழவரின் வயலைக் குறுக்கே நடந்து கடக்கட்டும். யாரும் தடுக்கமாட்டார்கள். ஏன் தடுக்கவில்லை, இன்னும் எத்தனை காலம் தடுக்கமாட்டார்கள் என்ற இரு கேள்விகளோடு கட்டுரையைத் தொடங்கினால், காப்பியின் விலைக்கு அதில் தானாகவே இடம் இல்லாமல் போகும்.