ஒரு சென்ட் உயர்வின் கணக்கு

மருத்துவக் கருவித் துறையின் முன்னணி நிறுவனமான மெட்ரானிக், 2025 மே மாதத்தில் தனது காலாண்டு ஈவுத்தொகையை, அதாவது இலாபத்திலிருந்து பங்குதாரர்களுக்குப் பிரித்தளிக்கும் தொகையை, பங்கு ஒன்றுக்கு 70 சென்ட்டிலிருந்து 71 சென்ட்டாக உயர்த்தியது. தொடர்ச்சியாக 48-ஆவது ஆண்டாக நிகழும் உயர்வு இது என்பதே அறிவிப்பின் பெருமிதம். ஆனால் முதலீட்டாளர் நின்று கவனிக்க வேண்டியது அந்த ஒரு சென்ட்டைத்தான்.

2021-இல் 63 சென்ட்டாக இருந்த தொகை 2022-இல் 68 ஆயிற்று. அதன்பின் ஆண்டுக்கு ஒரு சென்ட் வீதம் 69, 70, 71 என்றே நகர்ந்துள்ளது. ஏறத்தாழ 8 விழுக்காடாக இருந்த உயர்வு ஒன்றரை விழுக்காட்டுக்கும் கீழே இறங்கிவிட்டது. அமெரிக்க விலைவாசி அதைவிட வேகமாக ஏறியதால், இத்தொகையை நம்பிய ஓய்வூதியரின் வாங்கும் சக்தி, ஏட்டில் உயர்வு பதிவான ஆண்டுகளிலேயே தேய்ந்திருக்கிறது. குறைந்தது 25 ஆண்டுகள் இடைவிடாது ஈவுத்தொகையைக் கூட்டிய நிறுவனங்களுக்கென எஸ் அண்ட் பி குறியீட்டில் தனிப் பட்டியல் உண்டு; ஓராண்டு தவறினாலும் அதில் இடம் போய்விடும் என்பதால், வரிசையை அறுக்க எந்த நிர்வாகமும் எளிதில் துணியாது.

ஆயினும் இந்தச் சிக்கனத்தைக் குறையென்று கொள்வது பிழை. 2025 ஏப்ரலில் முடிந்த நிதியாண்டில், இயக்கத்தால் ஈட்டிய பணத்திலிருந்து ஆலை, இயந்திரச் செலவுகளைக் கழித்தபின் எஞ்சும் தடையற்ற பணப்பாய்வு சுமார் 520 கோடி டாலர். அதில் ஈவுத்தொகைக்கு மட்டும் ஏறத்தாழ 360 கோடி சென்றது. ஆய்வுக்கும் மேம்பாட்டுக்கும் செலவிட்ட தொகையோ சுமார் 270 கோடிதான். ஆய்வுச் செலவு பணப்பாய்வைக் கணக்கிடும் முன்பே கழிக்கப்படுவதால், அதைக் குறைத்தால் பங்குதாரருக்குத் தரக்கூடிய தொகை உடனே பெருகித் தோன்றும். இழப்பு வெளிப்படப் பல ஆண்டுகள் ஆகும். 1957-இல் மினியாபொலிஸ் நகரில் மின்சாரம் தடைப்பட்டதையடுத்து, நிறுவனர் ஏர்ல் பக்கன் மின்கலத்தில் இயங்கும் பேஸ்மேக்கரைச் சில வாரங்களில் உருவாக்கினார். நிறுவனத்தின் பெயரை நிலைநாட்டியது அத்தகைய பட்டறை உழைப்பே. நோயாளியின் மார்புக்குள் ஆண்டுக்கணக்கில் துடிக்கவேண்டிய கருவியைச் செய்வோருக்கு ஆய்வுக்கூடம் முதன்மையானது. ஈவுத்தொகை அதற்கு அடுத்ததுதான்.

நீரிழிவுக் கருவிப் பிரிவைத் தனி நிறுவனமாகப் பிரிக்கும் திட்டமும் அதே மே மாதத்தில் வெளியானது. தாய் நிறுவனப் பங்கைக் கொடுத்துப் புதிய நிறுவனப் பங்கைப் பெறும் பரிமாற்றமாகப் பிரிவினை முடிந்தால், தாய் நிறுவனத்தின் பங்குகளின் எண்ணிக்கை குறைந்து ஈவுத்தொகையின் மொத்தச் சுமையும் இறங்கும். அப்படி மிஞ்சும் பணம் ஆய்வுக்குச் செல்கிறதா என்பதை இனிவரும் காலாண்டு அறிக்கைகளில் முதலீட்டாளர்கள் தேடிப் பார்க்க வேண்டும்.