மூட்டையில் தண்ணீரைச் சுமக்காதீங்க!

அகத்தியர் மலை 1,868 மீட்டர் உயரம். ஏறி இறங்க 3 நாள். கம்மாபுரம் பக்கமிருந்து கிளம்புகிறவர்கள் புளியோதரைத் தூக்கோடு புறப்பட வேண்டாம். அது முதல் நாளுக்குத்தான் தாங்கும். தவிர, சோற்றில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு தண்ணீர்! 100 கிராம் சோற்றில் சுமார் 130 கலோரி. அதே எடை மல்லாட்டையில் 560-க்கும் மேல். விளைவதும் நம்ம விருத்தாசலம் வட்டாரத்தில்தான்.

வறுத்த மல்லாட்டை, வெல்லம், அவல், சத்துமாவு எல்லாம் சேர்த்து ஆளுக்கு ஒரு நாளைக்கு 600, 700 கிராம் போதும். அவலை ஊறவைத்தாலே சாப்பாடு தயார். காட்டில் தீ மூட்டவும் கூடாதே! தேங்காய் சேர்த்த பொடி மட்டும் வேண்டாம், காறல் வாடை அடிக்கும். வியர்வையில் போகும் உப்புக்கு எலுமிச்சை ஊறுகாய் கொஞ்சம். ஒவ்வொரு நாள் பங்கையும் தனித்தனித் துணிப்பையில் கட்டுங்கள். இல்லாவிட்டால் கடலைமிட்டாய் முதல் நாளே காலி!