வாழ்த்துறீங்களா, வியாபாரம் பண்றீங்களா?

தோழர்களே, 2021 ஆகஸ்ட் 1 ஞாபகம் இருக்கா? டோக்கியோ ஒலிம்பிக்கில் பி.வி.சிந்து வெண்கலம் வென்ற நாள். தனிநபர் போட்டியில் இரண்டு ஒலிம்பிக் பதக்கம் வென்ற முதல் இந்தியப் பெண் அவர். நாடே வாழ்த்தியது. கூடவே, அவரோடு எந்த ஒப்பந்தமும் இல்லாத, ஒத்த ரூபாய் கொடுக்காத கம்பெனிகளும் வரிசை கட்டி "வாழ்த்தின". சிந்துவின் படம், பக்கத்திலேயே கம்பெனி லோகோ, கீழே தங்கள் சரக்கின் பெயரை வைத்து ஒரு சிலேடை!

சிந்துவின் வணிக ஒப்பந்தங்களைப் பார்த்துக்கொள்ளும் நிறுவனம் வக்கீல் நோட்டீஸ் என்றதும் ஒரு கூட்டம் கிளம்பியது. "வாழ்த்துறது ஒரு குத்தமா?"

குத்தமே இல்லை. லோகோவை எடுத்துட்டு வாழ்த்துங்க, யார் தடுத்தது? லோகோ இல்லாமல் வாழ்த்த மனசு வரலைன்னா அதுக்குப் பேர் விளம்பரம். இதைத்தான் "மொமென்ட் மார்க்கெட்டிங்" என்று ஸ்டைலாகச் சொல்கிறார்கள். நம்ம ஊரில் ஊரான் வீட்டு நெய்யே, என் பொண்டாட்டி கையே என்பார்கள்.

சினிமா நடிகருக்கு 60 வயதிலும் மார்க்கெட் இருக்கும். விளையாட்டு வீரருக்கு? முட்டியில் ஒரு காயம், கதை முடிந்தது. பத்து வயசில் ஆரம்பித்து, விடியற்காலை 4 மணிக்கு எழுந்து, பள்ளி, பண்டிகை எல்லாம் விட்டு உழைத்தவர்களுக்கு, அந்த முகத்துக்குக் கிடைக்கும் விளம்பரப் பணம்தான் பி.எஃப்., அதுதான் பென்ஷன். அதை ஓசியில் எடுப்பது உழைப்புத் திருட்டு.

இப்போ ஏ.ஐ. வந்த பிறகு படத்தைத் திருட வேண்டியதில்லை, ஆளையே தயாரிக்கிறார்கள். 2024 ஜனவரியில் சச்சின் டெண்டுல்கர் ஒரு கேமிங் செயலியைப் பரிந்துரைப்பது போல வீடியோ சுற்றியது. தன் மகளே அதில் சம்பாதிப்பதாகச் "சொன்னார்". எல்லாம் போலி. சச்சினே வந்து சொல்ல வேண்டியிருந்தது. அதை நம்பிப் பணம் கட்டினால் நஷ்டம் யாருக்கு? நம்ம பக்கத்து வீட்டுப் பையனுக்கு.

சட்டம் என்ன செய்கிறது? 1994-ல் நம்ம நக்கீரன் தொடுத்த வழக்கில்தான், ஒருவரின் பெயரையும் உருவத்தையும் அனுமதியின்றி விளம்பரத்துக்குப் பயன்படுத்துவது அந்தரங்க உரிமை மீறல் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. முப்பது வருஷம் தாண்டியாச்சு. இதற்கென்று நாடாளுமன்றம் இன்னும் ஒரு தனிச்சட்டம் கூட இயற்றவில்லை! பதிப்புரிமைச் சட்டப்படி போட்டோவின் உரிமை எடுத்தவருக்கோ, அவரை வேலைக்கு வைத்த நிறுவனத்துக்கோ போகும். போட்டோவில் இருக்கிறவரின் முகத்துக்கு ஒரு பிரிவும் இல்லை.

அதனால் ஒவ்வொருவரும் கோர்ட் படி ஏற வேண்டியிருக்கு. 2025 டிசம்பரில் சுனில் கவாஸ்கர் டெல்லி உயர் நீதிமன்றம் போய்ப் பாதுகாப்பு வாங்கினார். அதே நீதிமன்றம் 2023-ல், கிரிக்கெட் வீரர்களின் படமும் பெயரும் போட்ட டிஜிட்டல் கார்டு வழக்கில் இடைக்காலத் தடை தர மறுத்தது. முகமது சிராஜ், அர்ஷ்தீப் சிங் எல்லாம் அதில் மனுதாரர்கள். பொதுவெளியில் இருக்கும் தகவலை யாரும் பயன்படுத்தலாம், கருத்துச் சுதந்திரம் உண்டு என்ற அந்த வாதத்தை நாம் தூக்கி எறியவில்லை. செய்தி போடணும், கார்ட்டூன் வரையணும், ரசிகன் மீம் போடணும், விமர்சிக்கணும். இதில் எதையும் தடுக்கும் சட்டம் வந்தால் முதலில் எதிர்ப்பது நாம்தான். ஆனால் செய்தி எங்கே முடிகிறது, வியாபாரம் எங்கே ஆரம்பிக்கிறது என்ற கோட்டை வழக்குக்கு வழக்கு புதுசாகத் தேடிக்கொண்டிருக்க முடியாது. சட்டமாக எழுதுங்கள்.

கவாஸ்கருக்கு வக்கீல் இருக்கிறார். காய்கறி விற்ற அம்மாவின் மகனாக சேலம் மாவட்டத்திலிருந்து போய் 2016 ரியோ பாராலிம்பிக்கில் தங்கம் வென்ற மாரியப்பன் மாதிரி வருகிறவர்களுக்கு? டெல்லிக்குப் போய் கேஸ் நடத்தச் சொல்றீங்களா? அவர்களுக்குப் பதக்கம் வாங்கின அந்த ரெண்டு வாரம்தான் மார்க்கெட். வழக்கு பட்டியலுக்கு வருவதற்குள் ஊர் மறந்துவிடும்.

எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாமல் வீரர்களின் முகம், பெயர், குரல் எதையும் விளம்பரத்தில் போடக் கூடாது. மீறினால் சம்பாதித்த லாபத்தையே பிடுங்கி அவர்களிடம் கொடுக்கணும். வசதியில்லாத வீரருக்கு அரசே வக்கீல் வைக்கணும். விளையாட்டுச் சங்கத்தில் சேரும் 14 வயசுப் பிள்ளையிடம் படத்தின் உரிமையை மொத்தமாக எழுதி வாங்கினால் அது செல்லாது என்றும் சட்டம் சொல்லணும். 2002 சாம்பியன்ஸ் டிராபியின்போது, சொந்த விளம்பர ஒப்பந்தங்களை விடச் சொன்ன ஐ.சி.சி.யின் நிபந்தனையை எதிர்த்து இந்திய அணியின் பெரிய ஸ்டார்களே போராட வேண்டியிருந்தது. பதினாலு வயசுப் பிள்ளை யாரிடம் போராடும்?

நம்ம தோழர்களுக்கும் ஒரு வார்த்தை. ஊரில் ஒரு பிள்ளை ஜெயித்தால் ஃப்ளெக்ஸில் வட்டச் செயலாளர் ஆளுயரத்துக்கும், ஜெயித்த பிள்ளை தபால்தலை சைஸிலும் இருக்கிற வேலை வேண்டாம். வீட்டில் கேட்டு, சரின்னா மட்டும் படம் போடுங்க. வீரர்கள் பேசுகிற மாதிரி சூதாட்டச் செயலி வீடியோ வந்தால் ஃபார்வர்ட் பண்ணாதீங்க. அந்தந்தத் தளத்திலேயே ரிப்போர்ட் அடிங்க. பணம் கட்டி ஏமாந்தவங்க இருந்தா தாமதிக்காம 1930-க்குப் போன் போடச் சொல்லுங்க.