குற்றாலத்தை யாருக்காகச் சீரமைக்கிறார்கள்?



சீசன் நெருங்கினால் எங்கள் பக்கம் இரண்டு விஷயம் தவறாமல் வரும். ஒண்ணு மலை தாண்டி வருகிற சாரல். இன்னொண்ணு குற்றாலத்தை மேம்படுத்தும் திட்டம். நடைபாதை, உடை மாற்றும் அறை, அலங்கார விளக்கு, மூலிகைச் செடிக்குப் பெயர்ப் பலகை, பூங்காவுக்குப் புது வாசல். இப்போது 'மக்கள் நலவாழ்வு' என்ற சொல்லும் அதோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. உடம்புக்கு நல்லது, மனசுக்கு நல்லது என்கிறார்கள். செங்கோட்டையில் உட்கார்ந்து இந்த இதழைக் கொண்டுவருகிற நான் அதை எதிர்க்கவில்லை. யார் உடம்புக்கு, யார் மனசுக்கு என்று மட்டும் கேட்கிறேன்.

குற்றாலம் வெறும் அருவி இல்லை. இருநூறு வருசமாக ஆட்கள் உடம்பைத் தேற்றிக்கொள்ள வந்து தங்குகிற பொது இடம். கம்பெனிக்காரன் 1800ஐ ஒட்டிய வருசங்களில் இங்கே ஜாதிக்காயும் கிராம்பும் நட்டுத் தோட்டம் போட்டான். வெள்ளைக்கார அதிகாரிகள் திருநெல்வேலி வெயிலுக்குப் பயந்து பங்களா கட்டினார்கள். திருவிதாங்கூர் ராஜா கட்டிய அரண்மனை இன்னும் நிற்கிறது. இவங்க எல்லாருக்கும் குற்றாலம் மருந்து. மூட்டை சுமந்தவனுக்கும் பல்லக்குத் தூக்கினவனுக்கும் அது என்னவாக இருந்தது?

1924ல் இரட்டைமலை சீனிவாசன் உள்ளிட்ட நம் பிரதிநிதிகள் சென்னைச் சட்டசபையில் வாதாடி ஒரு தீர்மானத்தை நிறைவேற்றினார்கள். பொதுச் சாலை, கிணறு, குளம், பொதுமக்கள் கூடும் இடம் எதிலும் தாழ்த்தப்பட்டவர்கள் மற்றவர்களைப் போலவே புழங்கலாம். அரசாணையும் வந்தது. பத்து வருசம் கழித்து, 1934 ஜனவரியில், ஹரிஜன யாத்திரையில் காந்தி குற்றாலம் வந்தார். தலித்துகளுக்கு அந்த அருவியில் குளிக்க அனுமதி இல்லை என்று தெரிந்ததும் தானும் குளிக்காமல் திரும்பினார். பள்ளிக்கூடத்தில் இதைக் காந்தியின் பெருந்தன்மைக் கதையாகச் சொல்லித்தருகிறார்கள். நான் இதை வேறுமாதிரி வாசிக்கிறேன். அரசாணை போட்டுப் பத்து வருசம் ஆகியும் ஒரு அருவி பூட்டிக் கிடந்தது என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி வேணுமா? அவர் நனையாமல் போனார் என்று எழுதி வச்சிருக்கு. அவருக்காகக் கூடிய நம்ம சனங்க அன்னைக்கு எங்கே நின்னாங்க என்று யார் எழுதினார்கள்?

இந்த இடத்தில் ஒரு விஷயம். கலெக்டர் ஆஷ் குற்றால அருவியை எல்லாருக்கும் திறந்துவிட்டார், அதுக்காகத்தான் செங்கோட்டை வாஞ்சிநாதன் 1911 ஜூன் 17ல் மணியாச்சியில் அவரைச் சுட்டார் என்று நம்ம மேடைகளில் பேசுகிறோம். ஆய்வாளர்கள் சான்று கேட்கிறார்கள். கேட்கட்டும், அது நியாயமான கேள்வி. நம்ம வாதத்துக்கு வெள்ளைக்கார கலெக்டரின் கருணை தேவையில்லை. 1924ம் 1934ம் போதும்.

அந்தக் காலத்தில் செங்கோட்டை திருவிதாங்கூர்ச் சீமை. 1956 நவம்பர் 1ல்தான் தமிழ்நாட்டோடு சேர்ந்தது. 1936 நவம்பர் 12ல் திருவிதாங்கூர் ராஜா கோயில் நுழைவுப் பிரகடனம் போட்டபோது அது இந்த ஊருக்கும் செல்லும். ஆறேழு கிலோமீட்டர் தள்ளி இருக்கிற குற்றாலத்துக்குச் செல்லாது, அது சென்னை மாகாணம். கோயிலைத் திறந்துவிடுகிறவர்களுக்குப் பாதுகாப்புத் தரும் சட்டம் அங்கே 1939ல் வந்தது, கட்டாயம் திறக்கணும் என்ற சட்டம் 1947ல். கடவுள் ஒண்ணு, மலை ஒண்ணு, விழுகிற தண்ணி ஒண்ணு. எல்லைக் கல்லுக்கு இந்தப் பக்கம் ஒரு தீட்டு, அந்தப் பக்கம் ஒரு தீட்டு. மகாத்தில் 1927 மார்ச் 20ல் அண்ணல் அம்பேத்கர் சவுதார் குளத்துத் தண்ணியை அள்ளிக் குடித்தது தாகத்துக்காக இல்லை. பின்னாடி அரசியல் சட்டத்தின் 15ஆவது பிரிவில் கிணறு, குளம், குளிக்கும் துறை, சாலை என்று ஒவ்வொண்ணாப் பேர் சொல்லி எழுதவேண்டி வந்ததே, உலகத்தில் எத்தனை நாட்டுச் சட்டத்தில் குளிக்கிற துறைக்கு இடம் உண்டு?

இன்னைக்கு அருவிக்கு அடியில் நிற்கிறவனிடம் யாரும் சாதி கேட்பதில்லை. எந்தத் தலையில் விழுகிறோம் என்று தண்ணியும் பார்ப்பதில்லை. இது நாம் வாங்கிய வெற்றி. ஆனால் சாதி போய்விடவில்லை, கொஞ்சம் தள்ளி நிற்கிறது, கையில் விளக்குமாறோடு. குற்றாலம் சின்னப் பேரூராட்சி. சீசனில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஊர் சனத்தொகையைப் போலப் பல மடங்கு ஆட்கள் வந்து குளித்து, தின்று, கழித்துவிட்டுப் போகிறார்கள். எண்ணெய், சோப்பு, ஷாம்பு கூடாது என்று உயர் நீதிமன்ற மதுரைக் கிளை தடை போட்டும் பாக்கெட்டுகள் கிடக்கின்றன. விடியக்காலையில் அதையெல்லாம் அள்ளுகிறவங்க யாரு? பெரும்பாலும் நம்ம சனங்கதான், நம்ம அக்கா தங்கச்சிமார்கள்தான். ஊருக்கே ஆரோக்கியம் கொடுக்கிற இடத்தில் வேலை பார்க்கிற அந்த உடம்புகளுக்கு என்ன இருக்கு என்று மேம்பாட்டு வரைபடத்தில் தேடிப்பாருங்கள். வேலை முடிந்ததும் குளிக்க ஒரு குழாய், துணி மாற்ற ஒரு அறை, உட்கார்ந்து சோறு தின்ன ஒரு திண்ணை. விருந்தாளிக்குக் கட்டுகிற அறையில் பத்தில் ஒரு பங்கு செலவாகுமா இதுக்கு?

இன்னொரு பக்கம், காசுள்ளவன் பொது அருவியை விட்டே போகப் பார்க்கிறான். தனியார் ரிசார்ட்டுகள் தண்ணியின் பாதையைத் திருப்பித் தங்களுக்கென்று செயற்கை அருவி உண்டாக்கிய விவகாரம் 2022ல் மதுரைக் கிளைக்கு வந்தது. நடவடிக்கை எடுக்க உத்தரவும் வந்தது. எனக்கு அமெரிக்கா ஞாபகம் வந்தது. அலபாமாவில் மாண்ட்கமரி நகரத்தில் பூங்காக்களைக் கறுப்பர்களுக்கும் திறக்கணும் என்று வழக்குப் போட்டபோது, நகராட்சி 1959 ஜனவரி 1 முதல் எல்லாப் பூங்காவையும் மூடிவிட்டது. ஓக் பார்க் நீச்சல்குளத்தை மண்ணைப் போட்டு நிரப்பினார்கள். மிருகக்காட்சி சாலை விலங்குகளை விற்றார்கள். 1965ல் பூங்கா திறந்தது, குளம் திரும்ப வரவில்லை. வெள்ளைக்காரன் தனிக் கிளப்புக்குப் போய் நீந்தினான். உனக்குக் கிடைக்கும் என்றால் யாருக்குமே வேண்டாம் என்கிற புத்தி அங்கே. இங்கே மலையில் இருந்து இறங்குகிற ஓடையையே முன்னாடி மறிச்சு வாங்கிக்கொள்கிற புத்தி.

அதனால் சீரமைப்பு என்று வரும்போது சில விஷயங்களை நாம் விடாமல் கேட்கணும். அருவிக்கரைக்கும் சிறுவர் பூங்காவுக்கும் கட்டணம் என்ற பேச்சே கூடாது. நாலு பிள்ளைகளோடு வருகிற கூலிக்காரிக்கு டிக்கெட்டுதான் இந்தக் காலத்துத் தீண்டாமைக் கயிறு. 2024 மே 17ல் பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் வந்து 17 வயசுப் பையனை அடித்துக்கொண்டு போனதே, எச்சரிக்கைச் சங்கும் ஆட்களும் விளக்குத் தோரணத்துக்கு முந்தி வரணும். கழிப்பறைத் தொட்டியில் மனுசன் இறங்கக் கூடாது என்று 2013லேயே சட்டம் இருக்கு. விடுதிகள் உட்பட அது நடக்கிறதா என்று பார்க்கணும். பெயர்ப் பலகை வைக்கிறவர்கள் செடிக்கு மட்டும் வைக்காமல் 1924, 1934, 1936 என்று மூணு வருசத்தையும் எழுதி அருவிக்கு முன்னால் ஒரு பலகை நடட்டும். வருகிறவன் துண்டைப் பிழிஞ்சுக்கிட்டே படிப்பான்.

அப்புறம் நம்ம தெரு. நலவாழ்வுக்கு நம்ம சனங்க பஸ் ஏறிக் குற்றாலம்தான் போகணுமா? செங்கோட்டை, தென்காசி வட்டாரத்தில் பூங்கா, விளையாட்டுத் திடல் என்று அரசுக் காசில் கட்டினது எது ஊருக்குள் இருக்கு, எது சேரிக்குள் இருக்கு? ஊருக்குள் இருக்கிறதில் நம்ம பிள்ளைகள் ஊஞ்சல் ஆடினால் யார் முகம் சுளிக்கிறார்கள்?

கல்லூரித் தோழர்களுக்கு ஒரு வேலை. இந்தச் சீசனில் குளிக்கப் போகும்போது ஒரு நோட்டு எடுத்துப் போங்கள். விடியக்காலை நாலு மணிக்குக் கூட்டுகிறவர்களோடு நில்லுங்கள், கூலி எவ்வளவு, கையுறை கொடுத்தார்களா, நிரந்தரமா ஒப்பந்தமா என்று கேளுங்கள். பேர் போட வேண்டாம், வேலை போயிரும். உங்கள் ஊர்ச் சேரிக்கும் பக்கத்துப் பூங்காவுக்கும் எத்தனை நிமிச நடை என்று நடந்து பார்த்து எழுதுங்கள். வந்ததை எல்லாம் அடுத்த இதழில் போடுகிறோம், பேரூராட்சிக்கும் கலெக்டருக்கும் ஒரு பிரதி கொண்டுபோய்க் கொடுக்கிறோம்.