உப்பேரியும் ஒட்டகங்களும்

சென்ற இதழில் அடிலெய்ட் நகரோடு நிறுத்தியிருந்தேன். இம்மாதம் அங்கிருந்து வடக்கே 600 கி.மீ.க்கும் அப்பால், ஆஸ்திரேலியாவின் உட்புறப் பாலைக்கு உங்களை அழைத்துச் செல்கிறேன். கேமராவும் கையுமாகத் திரியும் பிள்ளைகள் உங்கள் இல்லத்தில் இருப்பின், இப்பக்கத்தை அவர்களிடமும் கொடுங்கள்.

மரீ என்னும் சிற்றூரிலிருந்து மார்லா வரை சுமார் 620 கி.மீ. நீளத்திற்கு ஊட்னடாட்டா மண்சாலை செல்கிறது. மழை பெய்தால் சாலையை அடைத்துவிடுவார்கள். வழியில் பெரும்பகுதி கைப்பேசி வேலை செய்யாது. ஆகவே நாங்கள் வண்டியில் முதலில் ஏற்றியது தண்ணீர். கேமராப் பை பிறகுதான். வண்டி பழுதாகி நின்றால் அதை விட்டு நடந்துவிடாதீர்கள் என்று அவ்வூரார் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். வானிலிருந்து தேடுவோருக்கு வண்டி தெரியும். தனி மனிதன் தெரியமாட்டான்.

படமெடுப்போருக்கு அங்கே முதற்பகை செம்புழுதி. லென்ஸைக் கழற்றி மாற்றினால் உள்ளே குடியேறிவிடும். நான் ஒரே லென்ஸோடு காலந்தள்ளினேன். நண்பகலில் எடுத்த படங்கள் யாவும் வெளிறிப்போயின. காலையிலும் அந்தியிலும்தான் அந்த மண் தன் நிறத்தைக் காட்டுகிறது. ஆனால் கங்காருகள் சாலைக்கு வருவதும் அவ்வேளையில்தான், வண்டியோட்டுவது ஆபத்து. நல்ல ஒளி வேண்டுவோர் பொழுது சாயுமுன் ஓரிடத்தில் தங்கிவிட வேண்டும். இதை உணர எனக்கு இரண்டு நாள் பிடித்தது.

அடிபட்டுக் கிடக்கும் கங்காருவைத் தின்ன, ஆப்பு வடிவ வாலுடைய பெருங்கழுகுகள் இறங்குகின்றன. விரித்த சிறகு 2 மீட்டருக்கும் மேல். அவை சட்டென்று எழும்ப இயலாதவை. தொலைவிலேயே நாம் வேகத்தைக் குறைக்காவிடில் அவையும் அடிபடும்.

1961 முதல் தென் ஆஸ்திரேலியாவின் மாநில மலராக விளங்கும் ஸ்டர்ட் பாலைப் பட்டாணியையும் கண்டோம். தரையோடு படரும் கொடி; இரத்தச் சிவப்பு மலர், நடுவே பளபளக்கும் கறுப்புக் குமிழ். நின்றவாறு எடுத்தால் வெறும் சிவப்புத் திட்டாகத்தான் விழும். எனவே மண்ணில் குப்புறப் படுத்தேன். “இந்த வயதில் இது தேவைதானா?” என்றார் என் துணைவியார்.

அப்பால் எயர் ஏரி. மண்ணின் மைந்தர்களான அரபானா மக்கள் அதனைக் கட்டி தண்டா என்பர். கடல்மட்டத்திற்குச் சுமார் 15 மீட்டர் கீழே உள்ளது. 1974இல் நிரம்பியதுபோல் நீர் நிரம்புவது மிக அரிது. நாங்கள் கண்டது கண்ணுக்கெட்டிய மட்டும் வெண்ணிற உப்பு. அதன் நடுவே தான் நிற்கும் படம் வேண்டும் என்றான் என் மகன். படுகையில் கால்வைக்க வேண்டாம் என்பது அரபானா மக்களின் வேண்டுகோள். அவர்களுக்கு அது புனிதமான இடம். “யார் பார்க்கப் போகிறார்கள், வாப்பா?” என்றான். உண்மைதான், சுற்றிலும் ஈ எறும்பில்லை. “இது அவர்கள் வீட்டு முற்றம், தம்பி” என்றேன். கரையில் நின்றே எடுத்தோம். அவன் அன்று முழுவதும் என்னோடு பேசவில்லை.

மறுநாள் மரீக்குத் திரும்பினோம். பேரீச்சமரங்களும், மண்சுவரும் ஓலைக்கூரையுமாக இருந்த பழைய பள்ளிவாசலின் மாதிரி வடிவமும் அங்கே உள்ளன. 1860களிலிருந்து ஒட்டகங்களோடு கப்பலேறி வந்தவர்களின் ஊர் அது. ஆப்கானியர் என்று பொதுவாக அழைக்கப்பட்டாலும், அவர்களுள் பலர் பலூசிஸ்தான், சிந்து, பஞ்சாப் பகுதியினர். உணவும் கம்பளியும் தந்திக் கம்பங்களும் அவர்கள் ஒட்டகங்களின் முதுகில்தான் பாலையைக் கடந்தன. அவ்வாறிருந்தும் இருப்புப்பாதைக்கு ஒருபுறம் வெள்ளையர், மறுபுறம் இவர்களும் பழங்குடியினரும் என்று ஊர் பிரிந்தே கிடந்தது. மோட்டார் லாரிகள் வந்தன. ஒட்டகங்களை ஒழிக்க 1925இல் தென் ஆஸ்திரேலியாவில் சட்டமே இயற்றினார்கள். வளர்த்த கையால் சுட மனமின்றிப் பலர் அவற்றை அவிழ்த்துவிட்டனர். இன்று அப்பாலையில் உலவும் காட்டு ஒட்டகங்கள் அவற்றின் வழிவந்தவையே.

அன்று மாலை, தங்குமிடத்தை நெருங்குகையில் மணல்மேட்டின்மேல் ஐந்து ஒட்டகங்கள் வரிசையாக நடந்தன. ஒளி குன்றிவிட்டது, என் கையும் நடுங்கிற்று. மகன் பேசாமல் வண்டியை நிறுத்தி, சன்னற்கண்ணாடியைத் தாழ்த்தினான். சற்றே மங்கலாக விழுந்த அந்தப் படத்தைத்தான் இப்போது தன் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறான்.