படுத்திருக்கச் சொல்வது சிகிச்சையாகாது

புற்றுநோய்க்கு இரசாயன சிகிச்சை பெற்று வீடு திரும்பும் ஒருவருக்கு எமது சமூகம் வழங்கும் முதலாவது ஆலோசனை, "பேசாமல் படுத்திருங்கள்" என்பதாகும். வீட்டார் அன்பினால் சொல்கின்றனர். அயலவர் இரக்கத்தினால் சொல்கின்றனர். வைத்தியர்களிற் சிலரோ நேரமின்மையால் சொல்கின்றனர். இம்மூன்று தரப்பினரும் நல்லெண்ணத்துடனேயே நோயாளிக்குத் தீங்கு செய்கின்றனர் என்பதே எமது வாதம்.

இரசாயன சிகிச்சையின் பக்கவிளைவு என்றதும் முடி உதிர்வதும் வாந்தியுமே எமது நினைவுக்கு வருகின்றன. முடி பெரும்பாலும் மீண்டும் வளர்ந்துவிடும். வாந்திக்கு இன்று நல்ல மருந்துகள் உண்டு. நரம்புகளுக்கு ஏற்படும் சேதம் பற்றியோ எவரும் பேசுவதில்லை. மார்பகப் புற்றுநோய்க்கு வழங்கப்படும் பக்ளிடாக்செல், பெருங்குடற் புற்றுநோய்க்கான ஒக்சாலிபிளாட்டின், நிணநீர்ப் புற்றுநோய்க்கான வின்கிரிஸ்டின் ஆகிய மருந்துகள் கை கால் நரம்புகளையும் தாக்குகின்றன. விரல் நுனிகளில் ஆரம்பிக்கும் விறைப்பு படிப்படியாக மேலேறுகின்றது. சட்டைப் பொத்தானைப் பூட்ட இயலாது. காலிலிருந்து செருப்புக் கழன்றுபோனது தெரியாது. இருட்டில் பாதம் எங்கே பதிகின்றது என்பதை உணரமுடியாமல் விழுந்து எலும்பை முறித்துக்கொள்வோரும் உளர். ஒக்சாலிபிளாட்டின் பெறுவோருக்குக் குளிர்ந்த தண்ணீர்ப் போத்தலைத் தொடுவதே மின்சாரம் தாக்கியது போலிருக்கும். ரொறன்ரோவின் பனிக்காலத்தில் வாழும் எம்மவருக்கு அது எத்தகைய வதை என்பதைச் சொல்லத் தேவையில்லை. பலருக்கு இத்தொல்லை சிகிச்சை முடிந்த பின்னரும் மாதக்கணக்கில், ஏன், ஆண்டுக்கணக்கில் நீடிக்கின்றது. சேதம் கடுமையானால் மருந்தின் அளவைக் குறைக்கவோ நிறுத்தவோ நேரிடுகின்றது. அப்போது புற்றுநோய்ச் சிகிச்சையே பாதிக்கப்படுகின்றது.

இதற்கு மருந்து இல்லையா? அமெரிக்க மருத்துவப் புற்றுநோயியல் சங்கம் 2020 இல் வெளியிட்ட வழிகாட்டி, இப்பாதிப்பைத் தடுப்பதற்கென எந்த மருந்தையும் பரிந்துரைக்கவில்லை. பாதிப்பு வலியாக மாறியபின் டுலொக்சற்றின் என்ற ஒரேயொரு மருந்தையே அது பரிந்துரைத்தது. ஆயினும் மருந்துக் கடைகளில் 'நரம்புக்குப் பலம்' என்று சொல்லி விற்கப்படும் குளிசைகளுக்குக் குறைவில்லை. அவற்றிலே காணப்படும் அசெற்றைல் கார்னிற்றைன் என்ற பொருளை மார்பகப் புற்றுநோயுற்ற 409 பெண்களிடத்தில் அமெரிக்காவில் சோதித்தனர். 24 வாரங்களின் பின்னர் அதனை உட்கொண்டோருக்கே நரம்புப் பாதிப்பு அதிகரித்திருந்தது என்று 2013 இல் வெளியான முடிவு கூறியது. பணத்தைக் கொடுத்து நோயை வாங்குவதென்பது இதுதான்.

இனி மறுபக்கத்தைப் பார்ப்போம். சுவிற்சர்லாந்தின் பாசல் பல்கலைக்கழகத்தையும் ஜேர்மனியின் கொலோன் விளையாட்டுப் பல்கலைக்கழகத்தையும் சேர்ந்த பியோனா ஸ்ட்ரெக்மான் குழுவினர், ஒக்சாலிபிளாட்டின் அல்லது வின்கிரிஸ்டின் வகை மருந்துகளைப் பெற்ற 158 நோயாளரை மூன்று குழுக்களாகப் பிரித்து ஆராய்ந்தனர். 2024 இல் வெளியான அம்முடிவின்படி, வழமையான பராமரிப்பு மட்டும் பெற்றோரில் 70.6 வீதமானோருக்கு நரம்புப் பாதிப்பு ஏற்பட்டது. அதிரும் மேடையில் நின்று பயின்றோரில் அது 41.2 வீதம். நிலையற்ற தளங்களில் நின்று உடற்சமநிலையைப் பேணப் பயின்றோரில் 30 வீதம் மட்டுமே. பயிற்சி வாரத்திற்கு இரு தடவைகள். ஒவ்வொரு தடவையும் 15 முதல் 30 நிமிடங்கள். விலையுயர்ந்த இயந்திரம் எதுவுமின்றிப் பயின்றோர் இயந்திரத்தில் ஏறியோருக்குச் சற்றும் பின்னிற்கவில்லை என்பதை ஊன்றிக் கவனிக்கவேண்டும். அதற்கு முன்னரே, 2018 இல், அமெரிக்காவின் ரொச்செஸ்டர் ஆய்வாளர்கள் 355 நோயாளரில் ஒரு பகுதியினரை ஆறு வாரங்கள் வீட்டிலிருந்தவாறே நடக்கவும் எளிய தசைப்பயிற்சி செய்யவும் வைத்து, கை கால்களில் தோன்றும் வெப்ப, குளிர்த் தொல்லைகள் குறைந்ததைக் காட்டியிருந்தனர்.

"இவை சிறிய ஆய்வுகள்" என்று சில வைத்தியர்கள் கூறக்கூடும். அதே 2020 ஆம் ஆண்டு வழிகாட்டியும் உடற்பயிற்சி தொடர்பில் மேலும் சான்று தேவை என்றே சொன்னது. உண்மை. ஆனால் 2024 இன் முடிவு அதற்குப் பின்னர் வந்தது. மேலும் சான்று வரும்வரை நோயாளியைக் கட்டிலில் கிடத்திவைப்பதற்கு மட்டும் என்ன சான்று இருக்கின்றது? படுத்திருந்தால் தசை மெலிகின்றது, சமநிலை குலைகின்றது, களைப்பு மேலும் கூடுகின்றது. "பலவீனமானவர் எப்படிப் பயிற்சி செய்வார்?" என்பது அடுத்த கேள்வி. மேற்சொன்ன ஆய்வுகளில் பங்குபற்றியோர் ஆரோக்கியசாலிகள் அல்லர். சிகிச்சை நடந்துகொண்டிருந்த காலத்திலேயே பயின்றவர்கள். எலும்பிற்குப் புற்றுநோய் பரவியவர்களும், குருதிச் சிறுதட்டுகள் குறைந்தவர்களும், காய்ச்சல் உள்ளவர்களும் வைத்தியரைக் கேட்டே தொடங்கவேண்டும். விழுந்துவிடாதபடி சுவரோ மேசையோ கைக்கெட்டும் தூரத்தில், ஒருவர் துணைநிற்கப் பயிலவேண்டும். இந்த எச்சரிக்கைகளைச் சொல்லிக்கொடுப்பதற்குத்தான் இயன்மருத்துவர்கள் இருக்கின்றார்கள்.

2022 இன் பொருளாதார நெருக்கடியின்போது புற்றுநோய் மருந்துகளுக்கே இந்நாட்டில் தட்டுப்பாடு ஏற்பட்டது. டொலர் தேவைப்படாத, கப்பலில் வரத் தேவையில்லாத ஒரு சிகிச்சையை நாம் அலட்சியம் செய்வதற்கு என்ன நியாயம் உண்டு? தெல்லிப்பழைப் புற்றுநோய் வைத்தியசாலைக்கு நிதி திரட்ட 2011 இல் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை மக்கள் நடந்தார்கள். நோயாளருக்காக நடந்த நாடு, நோயாளரையும் நடக்கச் செய்யவேண்டாமா?

நாம் கேட்பது பெரிதல்ல. முதலாவது மருந்து ஏற்றப்படுவதற்கு முன்னரே, நரம்புப் பாதிப்புப் பற்றி நோயாளிக்கு அவருடைய மொழியில் சொல்லுங்கள். புற்றுநோய்ச் சிகிச்சைப் பிரிவுகள் யாவற்றிலும் ஓர் இயன்மருத்துவரை அமர்த்துங்கள். பயிற்சிகளைப் படத்துடன் ஒரு தாளில் அச்சிட்டுக் கையில் கொடுங்கள். இயந்திரம் வாங்கி அனுப்ப விரும்பும் புலம்பெயர் பழைய மாணவர் சங்கங்கள், அடுத்த முறை ஓர் இயன்மருத்துவரின் மேற்பயிற்சிச் செலவை ஏற்கட்டும். வீட்டில் உள்ளவர்களோ, "படுத்திருங்கள்" என்று சொல்வதை விடுத்து, கையைப் பிடித்து முற்றம்வரை கூட்டிச் செல்லட்டும்.